பிள்ளை கையில் போன் போகும் முன்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி பிறந்து மழை வலுத்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளிக்கு விடுமுறை விடுவது வழக்கம். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வரும் என்பதால் அன்றைக்கு போன் பிள்ளையிடம்தான் இருக்கும். பாடத்தை எழுதி முடிக்கப் பத்து நிமிடம் போதும். போன் திரும்பி வர சாயங்காலம் ஆகிவிடும். நடுவில் அந்தத் திரையில் என்னென்ன வந்து போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கீழே சொல்லும் வேலைகளை மழைக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும். பெற்றோரின் போன், பிள்ளை பயன்படுத்தும் போன், பின் எண்களை எழுதிவைக்க ஒரு நோட்டு, இவ்வளவுதான் தேவை.

பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தூங்கிய பிறகு ரகசியமாகப் பூட்டினால், மறுநாளே அது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பூட்டைக் கழற்றும் வழியைப் பள்ளியில் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். எதைப் பூட்டுகிறோம், ஏன் பூட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்தால் அந்தப் போட்டியே எழாது.

"ஆபாசத் தளங்களை அரசே தடுத்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். 2015இல் 857 தளங்களையும், 2018இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 827 தளங்களையும் தடுக்கும்படி மத்திய அரசு இணைய நிறுவனங்களுக்குச் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு தளத்தை மூடினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடுத்த தளம் திறந்துகொள்கிறது. பிள்ளைகளுக்கு இது வந்து சேர்வதும் பெரும்பாலும் அந்தத் தளங்களிலிருந்து இல்லை. புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகப் போடும் தளத்தில் திடீரென்று எழும் விளம்பரம், கார்ட்டூன் பெயரில் ஒளிந்த வீடியோ, பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட குப்பை, விளையாட்டில் அறிமுகமான "அண்ணன்" அனுப்பும் படம் என்று பல வழிகளில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பூட்டு வேறு.

அம்மா போனைப் பிள்ளையும் பார்க்கும் வீடு

நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் பிள்ளைக்குத் தனி போன் கிடையாது. அது நல்லதுதான். ஆனால் பெரியவருக்கான போனைப் பிள்ளை கையில் கொடுக்கும்போது கேலரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படமும் வீடியோவும் நீங்கள் திறந்து பார்க்காவிட்டாலும் தானாக இறங்கி கேலரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தன் பிறந்தநாள் போட்டோவைத் தேடிப் போகும் பிள்ளை, தெரு நலச் சங்கக் குழுவில் நள்ளிரவில் யாரோ போட்டதையும் சேர்த்துப் பார்த்துவிடும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்பதற்குள் போங்கள். 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்று மூன்று வரிகள் இருக்கும்: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங். மூன்றிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். வைஃபை வரியை மட்டும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு, வீட்டில் போன் இருப்பதே வைஃபையில்தானே. அடுத்து 'சாட்ஸ்' பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணையுங்கள். இது இனி வரும் படங்களுக்குத்தான் பொருந்தும். பழையவற்றை நீங்களே உட்கார்ந்து அழிக்க வேண்டும். 'ப்ரைவசி > குரூப்ஸ்' என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று வைத்தால், தெரியாதவர்கள் உங்களைக் கண்ட குழுவிலும் சேர்க்க முடியாது. தொல்லை தரும் பெரியவர்கள் குழுவை விட்டு வெளியேற முடியாத நிலை என்றால், அந்த உரையாடலை அழுத்திப் பிடித்து 'லாக் சாட்' போடுங்கள்.

அடுத்தது 'ஆப் பின்னிங்'. ஒரே ஒரு ஆப்பை மட்டும் திறந்து, அதிலிருந்து வெளியே போக முடியாதபடி பூட்டித் தரும் வசதி இது. ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் மேலுள்ள தேடல் பெட்டியில் 'பின்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதை இயக்கும்போது 'பின்னை எடுக்கும் முன் பின் எண் கேட்கவும்' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் தெரியும். அதையும் போட்டால்தான் பலன். போடாவிட்டால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தியதும் பூட்டு கழன்றுவிடும். ஐபோனில் இதற்கு 'கைடட் ஆக்சஸ்' என்று பெயர். பக்கவாட்டு பொத்தானை மூன்று முறை தட்டினால் இயங்கும்.

போனின் திரைப்பூட்டு எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இது எதுவும் நிற்காது. பிறந்த வருஷம், வண்டி எண் இரண்டையும் வைக்காதீர்கள். பிள்ளைகள் அவற்றைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

தனி போன் இருந்தால்: ஃபேமிலி லிங்க்

பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த, ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் போதும், இலவசம். காசு கட்டச் சொல்லும் உளவு ஆப்கள் வேண்டாம். அவை பிள்ளையின் செய்திகளை எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்புகின்றன. அந்த சர்வர் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

தொடங்கும் முன் பிள்ளையின் போனில் எந்த ஜிமெயில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பாவின் ஜிமெயிலே அதிலும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். நீக்காவிட்டால் ப்ளே ஸ்டோரில் கணக்கை மாற்றி எதை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தால் அதிலுள்ள பிறந்த தேதியையும் பாருங்கள். கடைக்காரரோ சித்தப்பாவோ அவசரத்துக்கு 1995 என்று போட்டிருப்பார். கூகுள் கண்ணுக்கு அது முப்பது வயது ஆள். 18 வயதைத் தாண்டிய கணக்கைப் பெற்றோர் மேற்பார்வைக்குள் கொண்டுவர முடியாது. அதைச் சரிசெய்ய மல்லுக்கட்டுவதைவிட, சரியான தேதியோடு புதுக் கணக்கு தொடங்குவது எளிது.

1. உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பை இறக்கி, உங்கள் ஜிமெயிலில் நுழையுங்கள்.

2. பிள்ளையின் போனில் செட்டிங்ஸ் > கூகுள் > பேரண்டல் கன்ட்ரோல்ஸ் போய், பிள்ளையின் கணக்கைத் தேர்ந்து, உங்கள் கணக்கோடு இணையுங்கள். உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும். பிள்ளை பார்க்காமல் தட்டுங்கள்.

3. உங்கள் போனிலுள்ள ஆப்பில் 'கன்ட்ரோல்ஸ்' பகுதியைத் திறங்கள். கூகுள் ப்ளேவில் எந்த ஆப்பை இறக்கவும் உங்கள் அனுமதி தேவை என்று வையுங்கள். இலவச ஆப்களுக்கும் சேர்த்து.

4. குரோம் பிரவுசருக்கு மூன்று தேர்வுகள் உண்டு: எல்லாத் தளமும் சரி, ஆபாசத் தளங்களைத் தடுக்க முயல், நான் அனுமதித்த தளங்கள் மட்டும். பத்து வயதுக்குக் கீழ் மூன்றாவது, அதற்கு மேல் இரண்டாவது. இரண்டாவதில் 'முயல்' என்று கூகுள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள், அது முழு உத்தரவாதம் இல்லை.

5. இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். ஒன்பது மணி பொருத்தம். பார்க்கக் கூடாததைப் பார்ப்பதும், முன்பின் தெரியாதவரோடு பேசுவதும் எல்லோரும் தூங்கிய பிறகுதான் அதிகம்.

இதில் உள்ள பெரிய ஓட்டை ஒன்று. ஃபேமிலி லிங்கின் தளத் தடுப்பு குரோமுக்கு மட்டும்தான். பிள்ளை வேறொரு பிரவுசரைப் போட்டுக்கொண்டால் தடுப்பு வேலை செய்யாது. அதனால் கூடுதல் பிரவுசர், தடுப்பைச் சுற்றிப் போக வழி தரும் விபிஎன், ஒரே ஆப்பை இரண்டாக்கித் தரும் 'ஆப் குளோன்' இவற்றுக்கு அனுமதி கேட்டு வந்தால் மறுத்துவிடுங்கள். ப்ளே ஸ்டோருக்கு வெளியே கோப்பாக அனுப்பப்படும் ஆப்களும் இப்படித்தான். கிரிக்கெட்டை இலவசமாகக் காட்டும் ஆப் என்று நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்புவான், உள்ளே போனால் நாலா பக்கமும் ஆபாச விளம்பரம். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்ற இடத்தில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ளே ஸ்டோரின் 3+, 7+, 12+, 16+, 18+ குறியீடுகளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். குறியீடு ஆப்புக்குத்தான். அதற்குள் முன்பின் தெரியாதவர்கள் பேசுவதற்கு எந்தக் குறியீடும் கிடையாது.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் 'ஸ்க்ரீன் டைம்' போய், 'கன்டென்ட் அண்ட் ப்ரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்பதை இயக்கி, 'வெப் கன்டென்ட்' இடத்தில் 'லிமிட் அடல்ட் வெப்சைட்ஸ்' தேர்ந்தெடுங்கள். இதைச் செய்ததும் சஃபாரியின் ரகசிய உலாவலும் மறைந்துவிடும். ஸ்க்ரீன் டைமுக்கு வைக்கும் பாஸ்கோடு போனைத் திறக்கும் எண்ணாக இருக்கக் கூடாது.

எல்லா ஆப்புக்கும் சேர்த்து ஒரு சல்லடை

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் போன் நேராக அங்கே போவதில்லை. முதலில் ஒரு சர்வரிடம் "இந்தப் பெயருக்கு முகவரி என்ன?" என்று கேட்கும். புது ஊரில் தெருமுனைக் கடையில் விலாசம் விசாரிப்பது போல. அந்தக் கடைக்காரர் சில விலாசங்களைச் சொல்லவே மாட்டார் என்றால் வழி அங்கேயே நின்றுவிடும். இதுதான் டிஎன்எஸ் வடிகட்டல். குரோம் மட்டுமின்றி மற்ற பிரவுசர்களிலும் பெரும்பாலும் இது வேலை செய்யும் என்பதால் ஃபேமிலி லிங்கின் ஓட்டையைப் பெருமளவு இது அடைக்கும்.

ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாப் போனிலும் 'ப்ரைவேட் டிஎன்எஸ்' உண்டு. நெட்வொர்க் அல்லது கனெக்‌ஷன்ஸ் பகுதியில் இருக்கும். சாம்சங்கில் 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதில் மூன்றாவது தேர்வைத் தொட்டால் ஒரு பெயர் கேட்கும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் குடும்பங்களுக்காக இலவசமாக நடத்தும் சர்வரின் பெயரை ஆங்கிலத்தில் இப்படி எழுதுங்கள்: ஃபேமிலி, புள்ளி, கிளவுட்ஃப்ளேர், சிறு கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம். நடுவில் இடைவெளி கூடாது, எல்லாம் சின்ன எழுத்து. ஓர் எழுத்து பிசகினால் போனில் இணையமே நின்றுவிடும். 'சர்வரை அணுக முடியவில்லை' என்று வந்தால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் எழுத்தைச் சரிபாருங்கள். இந்தப் பெட்டி எண் முகவரியை ஏற்காது, பெயர்தான் வேண்டும்.

போனில் செய்தால் சிம் டேட்டாவிலும் வைஃபையிலும் வேலை செய்யும். ரவுட்டரில், அதாவது வைஃபை பெட்டியில், செய்தால் வீட்டு வைஃபையில் இருக்கும் டிவி, லேப்டாப், விருந்தாளி போன் எல்லாவற்றுக்கும் சேரும், ஆனால் பிள்ளை சிம் டேட்டாவுக்கு மாறிய கணமே நின்றுவிடும். அதனால் முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள், ஒன்றுதான் முடியுமென்றால் போனில் செய்யுங்கள்.

ரவுட்டருக்கு: அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1. பிரவுசரில் அதைத் தட்டி உள்ளே போய், டிஹெச்சிபி அல்லது லேன் பகுதியில் முதல் டிஎன்எஸ் 1.1.1.3, இரண்டாவது 1.0.0.3 என்று போட்டுச் சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இரண்டாவது இடத்தில் பழக்கத்தில் 8.8.8.8 போட்டுவிடுபவர்கள் உண்டு. அது வடிகட்டாத சர்வர். கேள்விகள் அந்த வழியாகப் போய்விடும், நீங்கள் செய்த வேலை வீண். அடைத்த பிறகும் சில தளங்கள் திறந்தால் ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரி வழியாக நழுவியிருக்கலாம். ஐபிவி6 டிஎன்எஸ் கட்டம் இருந்தால் அதில் 2606:4700:4700::1113 என்றும் 2606:4700:4700::1003 என்றும் போடுங்கள். கேபிள்காரர் கொடுத்த சில ரவுட்டர்களில் இந்தப் பக்கம் பூட்டியிருக்கும். அவரிடமே கேட்டு மாற்றுங்கள். பழுது பார்க்க வந்தவர் ரீசெட் செய்துவிட்டுப் போனால் எல்லாம் அழிந்துவிடும், அவர் போன கையோடு மறுபடி பாருங்கள்.

வேலை செய்கிறதா என்று சோதிக்க ஆபாசத் தளத்தைத் தட்ட வேண்டியதில்லை. கிளவுட்ஃப்ளேர் இதற்கென்றே ஒரு வெற்றுப் பக்கம் வைத்திருக்கிறது: ஆங்கிலத்தில் நியூடிட்டி, புள்ளி, டெஸ்ட்கேட்டகரி, புள்ளி, காம். அது திறக்கவில்லை என்றால் சல்லடை இறுக்கமாக இருக்கிறது.

டிஎன்எஸ் தளங்களின் பெயரைத்தான் பார்க்கும், தளத்துக்குள் நடப்பதைப் பார்க்காது. கூகுள் படத் தேடலில் வரும் படங்களும், எக்ஸ் (பழைய ட்விட்டர்), ரெட்டிட், டெலிகிராமுக்குள் ஓடுபவையும் இதில் சிக்காது. கூகுளுக்கு 'சேஃப் சர்ச்' தனியாக உண்டு. கூகுள் செட்டிங்ஸில் அதை 'ஃபில்டர்' என்று வையுங்கள். 'ப்ளர்' என்று விட்டால் படம் மங்கலாகத் தெரியும், ஒரு தொடுதலில் தெளிவாகிவிடும். எக்ஸும் ரெட்டிட்டும் ஆபாசப் படங்களை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. அவை பிள்ளை போனில் இருக்க வேண்டாம்.

யூடியூப்

எட்டு வயதுவரை யூடியூப் கிட்ஸ் மட்டும். அதில் வயதுக்கு ஏற்ற பிரிவுகள் உண்டு: 4 வரை, 5 முதல் 8, 9 முதல் 12. இன்னும் கண்டிப்பு வேண்டுமென்றால் நீங்கள் தேர்ந்த சானல்கள் மட்டும் வரும்படி செய்யலாம். தேடலையும் அணைக்கலாம்.

இந்த ஆப்பில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மூலையிலுள்ள பூட்டுச் சின்னத்தைத் தொட்டால் பெரியவர்தானா என்று சோதிக்க ஒரு பெருக்கல் கணக்கைக் கொடுக்கும். ஏழெட்டு எவ்வளவு, ஆறொன்பது எவ்வளவு என்கிற மாதிரி. வாய்ப்பாடு ஒப்பிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரு பூட்டா? செட்டிங்ஸுக்குள் போய்ச் சொந்தமாக நாலு இலக்க எண்ணை வைத்துவிடுங்கள்.

பெரிய பிள்ளைகள் சாதாரண யூடியூபுக்கு வந்துவிடுவார்கள். ஃபேமிலி லிங்க் போட்டிருந்தால் அதிலேயே யூடியூபுக்கு மூன்று படிகள் வரும். ஒன்பது வயதுக்கு மேல் 'எக்ஸ்ப்ளோர்', பதின்மூன்றுக்கு மேல் 'எக்ஸ்ப்ளோர் மோர்', அதற்கும் மேல் ஒன்று. பகிரும் போனில் இது இல்லாததால் யூடியூப் செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதியிலுள்ள 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' போட வேண்டும். போட்டதும் வீடியோக்களுக்குக் கீழே கருத்துகள் மறைந்துவிடும். நம் ஊர் யூடியூபில் வீடியோவைவிடக் கருத்துப் பகுதிதான் நாறுகிறது, அது போனாலே பாதி சுத்தம். இதை ஒவ்வொரு போனிலும் டிவியிலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றில் போட்டால் மற்றதற்குப் போகாது. தமிழில் இரட்டை அர்த்த நகைச்சுவையை இந்த வடிகட்டி சரியாகப் பிடிப்பதில்லை. அதற்கு நீங்கள்தான் கண். வாரம் ஒருமுறை 'ஹிஸ்டரி'யைப் பிள்ளையோடு சேர்ந்து புரட்டுங்கள். பிடிக்காத சானலை 'டோன்ட் ரெகமண்ட் சானல்' என்று அழுத்திவிட்டால் ஷார்ட்ஸில் வரும் அதே வகையறா குறையும்.

இன்ஸ்டாகிராம், டெலிகிராம், விளையாட்டு

இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்ச வயது 13. 13 முதல் 17 வரை உள்ளவர்களுக்கான 'டீன் அக்கவுன்ட்' இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. கணக்கு தானாகவே பூட்டிய கணக்காக இருக்கும், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். 16 வயதுக்குக் கீழ் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். எல்லாம் சரி, ஆனால் பிறந்த வருஷத்தைப் பொய்யாகப் போட்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. 'அக்கவுன்ட்ஸ் சென்டர் > பெர்சனல் டீடெயில்ஸ்' போய் பிறந்த தேதியைப் பாருங்கள். இரண்டாவது கணக்கு இருக்கிறதா என்பதை முகப்புப் படத்தை அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம்.

டெலிகிராம் பதினாறு வயதுவரை வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. புதுப்படம் பார்க்க ஒரு சானலில் சேர்ந்தால் அங்கிருந்து வேறு சானல்களுக்கு இழுக்கும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். பெற்றோர் கட்டுப்பாடு என்று சொல்லும்படி அதில் எதுவும் இல்லை.

விளையாட்டில் ஆபத்து படத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. துப்பாக்கி விளையாட்டில் கூடச் சேர்ந்து ஆடும் ஆள் நல்லவனாகப் பழகுவான். டைமண்ட், ஸ்கின் என்று விளையாட்டுக்குள் பயன்படும் பரிசு தருவான். பிறகு "இங்க வேணாம், டெலிகிராம் வா" என்பான். பிறகு "இத வீட்ல சொல்லாத" என்பான். பிறகு ஒரு போட்டோ கேட்பான். போட்டோ கைக்குப் போனதும் மிரட்டல் ஆரம்பிக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், பெண் குரலிலோ பெண் படத்தோடோ வருவார்கள். பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள். விளையாட்டின் செட்டிங்ஸில் வாய்ஸ் சாட்டை 'நண்பர்கள் மட்டும்' என்றோ 'ஆஃப்' என்றோ வையுங்கள். பரிசு தருகிறேன், இடம் மாறலாம், ரகசியமாக வை — இந்த மூன்றில் ஒன்று வந்தாலே வந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

டிவி

ஓடிடி ஆப்களில் பிள்ளைக்குத் தனி 'கிட்ஸ்' ப்ரொஃபைல் போடுவதோடு, உங்கள் ப்ரொஃபைலுக்குப் பின் எண் வையுங்கள். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். 2021 விதிகளின்படி ஓடிடியில் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று குறியீடு காட்டியாக வேண்டும், 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். பூட்டு அங்கே இருக்கிறது, போடுவதுதான் நம் வேலை.

பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டியது

இத்தனையும் செய்த பிறகும் ஒருநாள் ஏதாவது கண்ணில் படும். டியூஷனில் பக்கத்துப் பையன் போனில், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், பள்ளிப் பேருந்தில். அன்றைக்குப் பிள்ளை உங்களிடம் வருமா வராதா என்பதுதான் எல்லாப் பூட்டையும்விடப் பெரிய விஷயம். பிள்ளைகள் சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் போனைப் பிடுங்க மாட்டேன் என்ற வாக்கை முன்கூட்டியே கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு மூன்றே செயல் போதும்: போனைக் கவிழ்த்து வை, எழுந்து வா, என்கிட்ட சொல். விளையாட்டுப் போல இரண்டு மூன்று தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒன்பது பத்து வயதில் பேச்சு இப்படிப் போகலாம்:

"பாப்பா, போன்ல சில நேரம் ட்ரெஸ் இல்லாத படம், அசிங்கமான வீடியோ எல்லாம் வந்துடும். நீ தேடாமலே வரும்."

"வந்தா?"

"கவுத்து வெச்சிட்டு என்கிட்ட வந்துடு. நீ எதுவும் தப்பு பண்ணல. போனையும் பிடுங்க மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா. எந்த ஆப்ல வந்துச்சுன்னு மட்டும் காட்டு, ரெண்டு பேரும் சேந்து அத நிறுத்திடலாம்."

பிள்ளை வந்து சொன்ன அந்த நிமிடத்தில் உங்கள் முகம் மாறக் கூடாது. "ஏன் பார்த்தே?" என்று கேட்டால் அடுத்த தடவை வராது. "எதுல வந்துச்சு? யாரு அனுப்பினாங்க?" என்று கேளுங்கள். பதிமூன்று பதினான்கில் ஆர்வத்தில் தானே தேடிப் பார்த்திருந்தாலும் அடிப்பதும் ஊரைக் கூட்டுவதும் வேலைக்கு ஆகாது. அந்த வயதில் உடம்பைப் பற்றிய கேள்வி எழுவது இயல்பு, அந்த வீடியோக்கள் காட்டுவது பொய் என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அப்பாவால் பேச முடியாவிட்டால் மாமா, அம்மாவால் முடியாவிட்டால் அத்தை, யாராவது ஒருவர்.

ஏதாவது நடந்துவிட்டால்

யாராவது பிள்ளையிடம் படம் கேட்டாலோ, படத்தை வைத்து மிரட்டினாலோ முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை: பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காதீர்கள். மிரட்டியவரின் பயனர் பெயர், போன் எண், ப்ரொஃபைல் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகுதான் பிளாக் செய்ய வேண்டும். பிள்ளையின் படத்தை ஆதாரம் என்று சொல்லி உறவினருக்கோ பள்ளிக்கோ அனுப்பக் கூடாது. அது அந்தப் போனிலேயே இருக்கட்டும்.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது, கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்திருக்கும் சமூக வலைத்தள நிறுவனங்களுக்குக் கொடுக்கும். அங்கே யாராவது அதை ஏற்றினால் பிடிபடும். வாட்ஸ்அப் போன்ற தனிச் செய்திகளுக்குள் இது எட்டாது.

புகாருக்கு: குழந்தைகளுக்கான 1098 இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். பணமும் போயிருந்தால் 1930. உடனடி ஆபத்து என்றால் 112. இணையத்தில் மத்திய அரசின் சைபர்க்ரைம், புள்ளி, கவ், புள்ளி, இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் குற்றங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஆனால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர வேண்டுமென்றால் பெயரோடு செய்யுங்கள், வரும் ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோ வந்தால், எச்சரிக்கை செய்கிறேன் என்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே ஐந்து ஆண்டுவரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். யாருக்கும் அனுப்பாமல் போனில் வைத்திருப்பதும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின்படி குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23இல் தெளிவாக்கியது. யார் போட்டார், எந்தக் குழு, எப்போது என்ற விவரத்தோடு புகார் செய்யுங்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மஞ்சக்குப்பம் தமிழ்நாட்டுக் காவல்துறை, பாகூர் புதுச்சேரிக் காவல்துறை. வீடு இந்தப் பக்கமும் பள்ளி அந்தப் பக்கமுமாக எல்லையைத் தாண்டிப் போய் வரும் குடும்பங்கள் ஏராளம். இணையப் புகாரில் மாநிலம் கேட்கும் இடத்தில் நீங்கள் குடியிருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரில் போனால், "அது எங்க எல்லை இல்ல" என்ற பதிலோடு திரும்பி வரத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம்.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டுமே என்று பயந்து பலர் புகாரே செய்வதில்லை. போக்சோ சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதியலாம். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். அப்பாவோ அம்மாவோ பிள்ளை நம்பும் வேறு ஒருவரோ பக்கத்தில் இருக்கலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. புகார் கொடுக்கும்போதே இவற்றைக் கேளுங்கள், எழுதியும் கொடுங்கள்.